விற்ற பொருளும் எழுதிய சொல்லும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தால், இலக்கியத்தைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று பேச வந்திருப்பது ஒரு பழைய காமிராவைப் பற்றி. அதனை இணையத்தின் வாயிலாக நான் விற்றேன். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதன்மேல் எழுந்த வழக்கே இன்றைய பேச்சு. திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றிக் கூறியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனை ஈண்டு ஒப்பிக்கப் போவதில்லை.

முன்னாளில் நம் வீட்டுப் பழம்பொருள்கள் போவதற்கு இரண்டொரு வழிகளே இருந்தன. பழைய பாத்திரக்காரர் வருவார். பழைய பேப்பர்க்காரர் வருவார். திண்ணையில் பொருளை வைப்போம். அவர் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். நாம் ஒரு விலை சொல்ல, அவர் ஒரு விலை சொல்ல, நடுவில் எங்கேயோ பேரம் முடியும். அவர் தெருமுனை திரும்பியதும் அவ்விற்பனையும் முடிந்துவிடும். மறுநாள் அவர் திரும்பி வந்து, "அம்மா, நேற்றுக் கொடுத்த அண்டாவில் ஓட்டை இருக்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தம் கையால் தட்டிப் பார்த்து வாங்கியவர் அவர்.

இன்று நீங்கள் பழைய கைப்பேசியையும், மிதிவண்டியையும், தேர்வு முடிந்த பாடநூல்களையும், பொறியியல் படித்து முடித்த அண்ணனின் வரைகருவிகளையும் இணையத்தில் விற்கிறீர்கள். வாங்குபவர் வேறு ஊரில் இருக்கிறார். அவர் தட்டிப் பார்ப்பதற்கு அவரிடம் இருப்பவை நீங்கள் எடுத்துப் போட்ட மூன்று படங்களும் நீங்கள் எழுதிய நான்கு வரிகளும் மட்டுமே. பொருள் அவர் கையை அடைவதற்கு முன்பே பணம் உங்கள் கையை அடைந்துவிடுகிறது. ஆகவே திண்ணையில் முடிந்துபோன பேரம் இங்கே முடிவதில்லை. பொதியைப் பிரிக்கும் நாளில்தான் ஒரு வகையில் அது தொடங்குகிறது.

என் கதைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் படச்சுருள் போட்டு எடுக்கும் ஜப்பானியக் காமிரா ஒன்றை வாங்கினேன். பள்ளி ஆண்டு விழாக்கள், கல்விச் சுற்றுலாக்கள், பிரிவுபசாரக் குழுப்படங்கள் எல்லாம் அதில் எடுத்தவையே. 2004ஆம் ஆண்டிற்குப் பிறகு அதில் படச்சுருள் போடவில்லை. பரணில் தோலுறைக்குள் உறங்கியது. இக்காலத்து இளைஞர் சிலர் படச்சுருள் காமிராக்களை மீண்டும் விரும்பித் தேடுகின்றனர் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு அதனை எடுத்துத் துடைத்தேன். பொத்தானை அழுத்தினேன். திரை "டக்" என்று இனிய ஓசையுடன் திறந்து மூடியது. எனக்கு மகிழ்ச்சி. உடனே விளம்பரம் எழுதினேன். நான் எழுதியது இதுதான்: "1987இல் வாங்கிய காமிரா. கீறல் இல்லை. மிக நன்றாக இயங்குகிறது. உடனே படம் எடுக்கலாம். விலை 7,000 ரூபாய்."

கோயம்புத்தூரில் காட்சித் தொடர்பியல் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் வாங்கினார். பணம் வந்தது, பொதி போயிற்று, பெற்றுக்கொண்டதாகச் செய்தியும் வந்தது. நான் அதை மறந்தே போனேன். பொதி போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் காலையில் கைப்பேசியில் ஒரு செய்தி: "சார், நீங்கள் அனுப்பிய காமிராவில் எடுத்த படங்கள் வீணாகிவிட்டன. நன்றாக இயங்குகிறது என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள். என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவனை நோக்கி, முகம் தெரியாத ஒரு பிள்ளை "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? எனக்குச் சினம் மூண்டது. வந்த சினத்தோடு விடை எழுதினேன். "பழைய பொருளைப் பழைய பொருள் என்று தெரிந்தே வாங்கினீர்கள். பதினாறு நாள் கழித்து வந்து கேட்பது முறையன்று. திருப்பி வாங்குவதற்கில்லை." எழுதி அனுப்பியும் விட்டேன். கைப்பேசியில் இது ஒரு கேடு. கடிதமாக இருந்தால் உறையில் இட்டு, அஞ்சல்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டிக்கு நடந்து போவதற்குள் பாதிச் சினம் இறங்கியிருக்கும்.

அன்று மாலை என் மனைவியிடம் இதனைச் சொன்னேன். அவர் என் பக்கம் பேசுவார் என்றே நினைத்தேன். அவர் முறத்திலிருந்த அரிசியை விட்டுத் தலை நிமிரவில்லை. "உங்கள் பள்ளியில் ஒரு பையன் இன்னொருவன் மேல் பிராது கொண்டு வந்தால், பிராதைக் கேட்காமலேயே போடா என்று சொல்வீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னதில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடங்களில் ஒன்று, இரு தரப்பையும் கேளாமல் தண்டனை வழங்கலாகாது என்பது. ஆயின் இவ்வழக்கில் நானே குற்றம் சாட்டப்பட்டவன், நானே நீதிபதி, விசாரணையின்றித் தீர்ப்பும் வழங்கிவிட்டேன். இரவு உட்கார்ந்து என் விளம்பரத்தை எடுத்து, ஒரு மாணவன் எழுதிய கட்டுரையைத் திருத்துவதைப் போலப் படித்தேன்.

கீறல் இல்லை என்று எழுதியிருந்தேன். அது கண்ணால் கண்டது, குறையில்லை. "மிக நன்றாக இயங்குகிறது" என்ற இடத்தில் சிவப்பு மை நின்றது. எப்பொழுது இயங்கியது? 2004இல் இயங்கியது. இன்று இயங்குகிறதா என்பதைப் படச்சுருள் போட்டுப் பார்த்தாலன்றி எவரும் சொல்ல இயலாது, நான் பார்க்கவில்லை. இறந்தகாலத்தில் எழுத வேண்டிய வினையை நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவன் எழுதியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். இங்கே அக்காலப் பிழையின் விலை 7,000 ரூபாய்; அதுவும் இன்னொருவருடைய பணம். "உடனே படம் எடுக்கலாம்" என்ற அடுத்த வரியோ, முதற் பிழையின் மேல் கட்டிய மாடி.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உண்மைதான். ஆயினும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதியிருந்தேன்.

மறுநாள் நூலகத்திற்குச் சென்று சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மாணவர்களாகிய நீங்கள் சட்ட நூல் என்றால் அஞ்சுகிறீர்கள்; அதில் கதைகளும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பதினேழாம் பிரிவைப் பாருங்கள். மோசடி எது என்று வரையறுத்த பின், எடுத்துக்காட்டாக ஒரு குதிரை வருகிறது. ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அது நோயுற்றது என்று அவருக்குத் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. வாங்கியவரும் கேட்கவில்லை. இது மோசடியாகாது என்கிறது சட்டம். அதே குதிரையை வாங்குபவர், விற்பவரின் மகள். அவள் உரிய வயதை இப்பொழுதுதான் எய்தியவள். அப்பொழுது உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லும் கடமை தந்தைக்கு உண்டு. மூன்றாவதாக, வாங்குபவர், "நீர் மறுக்காவிடில் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன்" என்கிறார். விற்பவர் மௌனமாக இருக்கிறார். இங்கே மௌனமும் பேச்சுக்கு ஒப்பாகும். ஒரே குதிரை, மூன்று விடைகள். இதைப் படித்தபோது, இலக்கண நூலாரின் நுட்பம் சட்டத்தாரிடமும் உண்டு என்று வியந்தேன்.

எனக்கு வேண்டியது அதற்கடுத்த சட்டத்தில் இருந்தது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றியவரை "வாங்குபவரே விழித்திருக்க" என்ற பழைய விதியைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குள்ள விலக்குகளுள் முக்கியமானவை, அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரைப் பற்றியவை. நான் காமிரா வணிகன் அல்லேன். ஆகவே காமிராவின் தரத்திற்கு நான் தானாகவே பொறுப்பாளியாவதில்லை. இதைப் படித்ததும் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டாயிற்று என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு பிரிவு முன்னால், பதினைந்தாம் பிரிவு நிற்கிறது. வருணனையைக் கொண்டு பொருள் விற்கப்படும்போது, பொருள் அவ்வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. இதில் வணிகர், வணிகரல்லாதார் என்ற வேறுபாடு இல்லை. தரத்திற்கு நான் பொறுப்பாளி இல்லாமல் இருக்கலாம். என் சொல்லுக்கு நான் பொறுப்பாளி.

பதினாறு நாள் கழித்துக் கேட்கலாமா என்ற என் ஆட்சேபமும் நிற்கவில்லை. பொருளைச் சோதிக்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்கிறது அச்சட்டம். நியாயமான காலம் எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. ஒரு கட்டிலை இறக்கிய அன்றே உட்கார்ந்து பார்த்துவிடலாம். படச்சுருள் காமிராவோ, முப்பத்தாறு படங்கள் எடுத்து முடித்து, சுருளைக் கழுவக் கொடுத்து, அது திரும்பி வந்த பின்னரே தன் குறையைக் காட்டும். பதினாறு நாள் மிகுதி அன்று.

பள்ளி மாணவர்க்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் அல்லர். அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே உங்கள் மிதிவண்டியை விற்பதாயின், தந்தையோ தாயோ முன்னின்று விற்கட்டும்.

இனி விசாரணை. நான் அம்மாணவருக்கு மறுபடியும் எழுதினேன். முதல் வரியிலேயே, "தம்பி, நேற்று நான் எழுதியது சினத்தில் எழுதியது, அதனைத் தள்ளிவிடுங்கள்" என்றேன். பிறகு நான்கு செய்திகள் கேட்டேன். காமிராவின் மேற்புறத்தில் பொறித்துள்ள வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கழுவிய சுருளை வெளிச்சத்தில் பிடித்து, ஓரங்கள் தெரியும்படி படமெடுத்து அனுப்ப வேண்டும். காமிராவின் பின்மூடியைத் திறந்து உட்புறத்தையும் காட்ட வேண்டும். நான்காவது, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி. முழுப் பணமா, பழுது பார்க்கும் செலவா, வேறு ஏதேனுமா? நம்மில் பலர் இந்த நான்காவது கேள்வியைக் கேட்பதேயில்லை. முழுப் பணமும் கேட்கிறார் என்று நாமே முடிவு செய்துகொண்டு, ஒரு காசும் இல்லை என்று சண்டைக்கு நிற்கிறோம்.

வரிசை எண்ணை நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஒத்திருந்தது. ஆகவே அனுப்பிய காமிராவே அவரிடம் இருப்பது. சுருளின் படம் வந்தது. முப்பத்தாறில் பதினொரு படங்களில் ஒரே பக்கத்தில் ஒரு பட்டை விழுந்திருந்தது. அப்பட்டை படத்தின் சட்டத்தோடு நிற்காமல், சுருளின் ஓரத்தில் பல்சக்கரம் மாட்டும் துளைகள் வரை ஓடியிருந்தது. இங்கே ஒரு சிறு பௌதிகம். கண்ணாடி வில்லையின் வழியாக வரும் ஒளி படத்தின் சட்டத்திற்குள்தான் விழும். துளைகள் உள்ள ஓரத்தை அது எட்டாது. அங்கேயும் ஒளி பட்டிருக்கிறது என்றால், அது வில்லையின் வழி வந்ததன்று. காமிராவின் உடம்பிலேயே எங்கோ ஓர் இடுக்கு வழியாகப் புகுந்தது. படம் எடுத்தவர் தவறுதலாகப் பின்மூடியைத் திறந்திருந்தாலோ, அச்சமயம் வெளியே இருந்த பகுதி முழுவதும் ஒரே வீச்சில் கெட்டிருக்கும்; ஒரே பக்கத்தில் ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் பட்டை விழாது.

மூன்றாவது படம் ஐயத்தை நீக்கிற்று. அக்காலத்துக் காமிராக்களில் பின்மூடி பொருந்தும் காடியிலும் கீல் ஓரத்திலும் கறுப்பு நுரைப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஒளி புகாமல் தடுப்பது அதுவே. முப்பது, நாற்பது ஆண்டுகளில் அப்பஞ்சு சிதைந்து, வெல்லப் பாகு போலப் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் இது நேரும்; காலத்தின் வேலை. படத்தில் கீல் ஓரத்துப் பஞ்சு பாதி இல்லை. நான் காமிராவின் வெளிப்புறத்தை அவ்வளவு அக்கறையாகத் துடைத்தேன். பின்மூடியைத் திறந்து விரலால் ஒரு முறை தடவிப் பார்த்திருந்தால் விரலில் ஒட்டியிருக்கும்.

என் கடைசிக் கேள்விக்கு அவர் எழுதிய விடை நீளமானது. முதற் செய்தியில் எழுதிய சொல்லுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார். வார இறுதிகளில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம் அது என்றும், அந்தச் சுருளில் எடுத்தது கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய பயிற்சிப் படங்கள் என்றும் எழுதியிருந்தார். காமிராவைத் திருப்பித் தர அவருக்கு விருப்பமில்லை, அது பிடித்திருக்கிறது. ஆனால் செலவு செய்யக் கையில் பணம் இல்லை.

நான் இரண்டு வழிகளை எழுத்தில் வைத்தேன். காமிராவை அவர் திருப்பி அனுப்பலாம். அனுப்பும் கூலி என்னுடையது. ஏனெனில் ஏற்க மறுக்கும் உரிமை உடையவர் பொருளைத் தாமே திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்லர், ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும் என்பது சட்டம். பொருள் வந்து சேர்ந்து, வரிசை எண் சரிபார்த்த அன்றே 7,000 ரூபாயும் அவர் அனுப்பிய அதே கணக்கிற்குத் திரும்பும். அன்றேல் காமிராவை அவரே வைத்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பவர் கேட்கும் கூலியை விலையிலிருந்து குறைத்ததாகக் கொண்டு நான் அனுப்பிவிடுவேன். இதற்கும் சட்டத்தில் இடமுண்டு. வாங்கியவர் பொருளை வைத்துக்கொண்டு, குறைக்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம் என்று ஐம்பத்தொன்பதாம் பிரிவு கூறுகிறது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அவர் ஊரில் காமிரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பஞ்சு மாற்ற 900 ரூபாய் கேட்டார். வீணான சுருளுக்கும் கழுவிய கூலிக்குமாக 1,100 ரூபாய் சேர்த்து 2,000 ரூபாய் அனுப்பினேன். "இத்தொகையுடன் இவ்விற்பனை பற்றிய வழக்கு தீர்ந்தது" என்று இருவரும் ஒரு வரி எழுதிக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து அவர் ஒரு புதிய படத்தை அனுப்பினார். பந்தியில் வாழையிலைகள் வரிசையாக விரித்திருக்கும் படம். ஆள் ஒருவரும் இல்லை. ஓரத்தில் பட்டையும் இல்லை.

வாங்குபவர் எல்லாரும் இம்மாணவரைப் போன்றவர் என்று கருதிவிட வேண்டா. என் தங்கை மகன் தன் பழைய கைப்பேசியை 8,500 ரூபாய்க்கு விற்றான். இரண்டாம் நாள், திரை நொறுங்கிய கைப்பேசி ஒன்றின் படத்தை வாங்கியவர் அனுப்பி, ஒரு மணி நேரத்திற்குள் முழுப் பணமும் வராவிட்டால் காவல் நிலையம் போவேன் என்று மிரட்டினார். பையன் நடுங்கிப் போய் என்னிடம் ஓடிவந்தான். நான் அதே முறையில் போகச் சொன்னேன். ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையிலேயே தோன்றும். விற்குமுன் அந்த எண்ணை அவன் குறித்து வைத்திருந்தான்; நல்ல வேளையாகப் பொதி கட்டும்போது நிகழ்படமும் எடுத்திருந்தான். "அடையாள எண் தெரியும்படி படம் அனுப்புங்கள், எண் ஒத்தால், கருவி என் கைக்கு வந்ததும் நீங்கள் அனுப்பிய கணக்கிற்கே பணம் திரும்பும்" என்று பணிவாக எழுதினான். அவர் அனுப்பிய படத்தில் எண் வேறு. அதைச் சுட்டிக்காட்டியதும், முதலில் பணத்தை வேறொருவர் பெயரிலுள்ள கணக்கிற்கு அனுப்பு, கருவி பிறகு வரும் என்றார். இவன் முன்பு எழுதிய வரியையே, ஒரு சொல்லும் மாற்றாமல், மறுபடியும் அனுப்பினான். அதன் பிறகு அவரிடமிருந்து செய்தி இல்லை, காவலரும் வரவில்லை.

கவனியுங்கள்: காமிரா வழக்கில் குற்றத்தை என் தலையில் ஏற்றியதும், கைப்பேசி வழக்கில் பையனைக் காப்பாற்றியதும் ஒரே வகைக் கேள்விகள்தாம். உண்மையான குறை உடையவர் படம் அனுப்பத் தயங்குவதில்லை. நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் எடுத்து அனுப்பிவிடுகிறார்.

இன்னொரு வகையும் உண்டு. பணமே அனுப்பாமல், "8,500 ரூபாய்க்குப் பதில் 85,000 ரூபாய் தவறி அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்பார்கள். வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியும் கைப்பேசிக்கு வரும். குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். வராத பணத்தை எவ்வாறு திருப்புவது? பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண்ணை இட வேண்டிய தேவை ஒருபொழுதும் இல்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; இணையவழிப் பண மோசடிக்கென அரசு வைத்துள்ள எண் அது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் இதுவே ஆதலால், எனக்கு இரண்டும் ஒன்றாக நினைவில் நிற்கின்றன. நீங்கள் கடையிலோ நிறுவனத்திலோ வாங்கி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எப்பொழுதோ ஒரு முறை தம் வீட்டுப் பொருளை விற்கும் தனி மனிதருக்கு, 2020ஆம் ஆண்டின் மின்னணு வணிக விதிகள் பொருந்துவதில்லை. அதனால்தான் என்னைப் போன்றவரிடம் வாங்குபவர், என் நான்கு வரிகளையே பெரிதும் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது.

இணைய விற்பனையின் தொடக்கக் கதையை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் ஒரு லேசர் சுட்டுகோல். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. அது உடைந்த சுட்டுகோல். ஒமிட்யார் வாங்கியவருக்கு எழுதி, "இது உடைந்தது என்பது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். உடைந்த சுட்டுகோல்களைச் சேகரிப்பதே தம் பழக்கம் என்று அவர் விடையளித்தாராம். இக்கதையைச் சொல்வோர் வாங்கியவரின் விந்தையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்தது விற்றவர் கேட்ட கேள்வி. பணம் முடிவான பின்னும் அதைக் கேட்டிருக்கிறார்.

என் பரணில் இன்னும் ஒரு பொருள் இருக்கிறது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி. சென்ற மாதம் அதற்கு விளம்பரம் எழுதினேன். இம்முறை ஒரு முழுத் தாளைச் செருகி, எல்லா எழுத்துகளையும் அடித்துப் பார்த்து, அத்தாளையே படமெடுத்துப் போட்டேன். "ழ" சற்று மேலே ஏறிப் பதிகிறது. "ண" அடித்தால் கை ஒட்டிக்கொள்கிறது. விரலால் விடுவிக்க வேண்டும். வரி முடிவில் மணி அடிப்பதில்லை. நாடா காய்ந்துவிட்டது, புது நாடா கிடைக்குமா என்று தேடிப் பார்க்கவில்லை. இவ்வளவையும் எழுதி, விலை 2,500 ரூபாய் என்றேன். என் மனைவி படித்துவிட்டு, இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்றார். ஒரு மாதம் ஆகிறது. இதுவரை ஒருவர்தாம் கேட்டிருக்கிறார். மணி அடிக்காதது ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.